மழைத் தண்ணியை மலைக்குள் இறக்குவதா, வெளியே விடுவதா? மண்ணரிப்பு, மண்சரிவு பற்றிய இழை

ஹாலிஎல_ரதி | பதிவு 1

அனைவருக்கும் வணக்கம். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) பெற்றோருக்கும் கொடுக்க நான்கு பக்கத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் தயாராகிறது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கை மலையகத்தில் செய்த வேலைக்குப் பிறகு இனியும் தள்ளிப்போட முடியாது. இரண்டு இடத்தில் எழுத்து நிற்கிறது.

முதலாவது, வானிலையாலழிதலுக்கு (பாறை உடைந்தும் உக்கியும் மண்ணாவதற்கு) உதாரணம் என்றாலே உறைபனி பாறையைப் பிளக்கும் படம்தான் வருகிறது. நுவரெலியாவில் ஜனவரியில் விழும் பனியை அதற்குக் காட்டலாமா? இரண்டாவது, தோட்டத்தில் கான் (சரிவுக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்கால்) வெட்டித் தண்ணியைத் தேக்கி மண்ணில் இறக்கு என்கிறார்கள். மண்சரிவு ஆய்வுக்கு வருகிறவர்கள் தண்ணியை உள்ளே விடாதே, வெளியேற்று என்கிறார்கள். எதை எழுத?

கருங்கல்_மலை | பதிவு 2

ரதி டீச்சர், பனியை விட்டுவிடுங்கள். பாறை பிளக்க வேண்டுமானால் வெடிப்புக்குள் தேங்கிய நீர் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து என்று வருடா வருடம் நடக்க வேண்டும். நுவரெலியாவில் விழுவது தரைப்பனி. விடியற்காலையில் சில மணித்தியாலம் புல்லையும் கொழுந்தையும் கருக்கிவிட்டு, வெயில் ஏறியதும் போய்விடும். பாறை வெடிப்பின் ஆழத்துக்கு அந்தக் குளிர் போவதில்லை.

இங்கே பாறையைத் தின்பது இரசாயன அழிதல். மத்திய மலைநாட்டின் அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை: சார்னொகைட், கார்னட் கலந்த நைஸ், குவார்ட்சைட், ஆங்காங்கே சலவைக்கல் பட்டைகள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தை வெண்களியாக்கும். இரும்புள்ள கனிமங்கள் ஒட்சியேறிப் பருக்கும். அப்படிப் பருப்பதே பாறையை உள்ளிருந்து மயிர்வெடிப்பாகப் பிளக்கிறது. குவார்ட்ஸ் மட்டும் மசியாமல் மணலாக மிஞ்சும். மண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் வருவது அந்த இரும்பால்.

படம் வேண்டுமானால் எந்த வீதி வெட்டிலும் கிடைக்கும். நடுவில் உருண்டைக் கருங்கல், அதைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உக்கிய பாறை, அதற்கும் வெளியே கையால் நொறுக்கக்கூடிய மண். பாறையில் ஏற்கனவே இருந்த வெடிப்புகள் அதைச் சதுரக் கட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கும். மூலைகளில் மூன்று பக்கமும் நீர் தாக்குவதால் மூலை முதலில் உக்கும், சதுரம் உருண்டையாகும். உருண்டைக் கல் எல்லாம் மேலிருந்து உருண்டு வந்தது என்று நினைக்கக்கூடாது. பல இருந்த இடத்திலேயே உருண்டையானவை.

கொத்மலை_ஓயா | பதிவு 3

இதோடு ஒரு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல் மகாவலி நீரேந்துப் பகுதியில் ஆற்று மணலின் குவார்ட்ஸில் இருக்கும் பெரிலியம்-10 (விண்வெளிக் கதிர் பட்டு உண்டாகும் அணு வகை) அளவைக் கொண்டு பழைய அரிப்பு வேகத்தைக் கணித்து 2003இல் வெளியிட்டார்கள். மனிதன் கை வைக்குமுன் ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஆண்டுக்கு 13 முதல் 30 தொன். பாறையின் அடர்த்தி 2.7 என்று வைத்து வகுத்தால் 1000 ஆண்டில் 5 முதல் 11 மி.மீ. தான் நிலம் தாழ்கிறது. இவ்வளவு செங்குத்து, இவ்வளவு மழை, இருந்தும் இவ்வளவு குறைவு. தடித்த மண்ணும் உக்கிய பாறையும் போர்வையாக மூடியிருப்பதால் புதுப் பாறையை நீர் எட்டுவதே மெதுவாகத்தான்.

இன்றைய ஆறுகள் சுமக்கும் வண்டலைப் பார்த்தால் அதே பகுதியில் 130 முதல் 2100 தொன். அந்த வித்தியாசம் முழுக்கக் காட்டை வெட்டிய பிறகு வந்தது. முதலில் கோப்பி, 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி விழுந்த பின் தேயிலை, பிறகு மரக்கறி. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குப் பாத்தியை மேலிருந்து கீழாக இழுக்கிறார்கள், வேர் அழுகாமல் தண்ணி வடியட்டும் என்று. வடிகிறது, மண்ணோடு. அது உமா ஓயா வழியே போய் ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் படிகிறது.

கான்_கணக்கு | பதிவு 4

டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கானில் தண்ணி தேக்குவது சும்மா வந்த வழக்கம் இல்லை. மழைத்துளி மண்ணை அடித்துக் கிளப்புகிறது, கிளம்பிய மண்ணைத் தாள் மாதிரி ஓடும் நீர் இழுக்கிறது, நீர் ஒன்று சேர்ந்தால் விரல் அகலக் கீறல், கீறல் பெருத்தால் ஓடை. சேரும் முன்பே நீரை மறிப்பதுதான் கானின் வேலை. 1 ஏக்கரில் 75 மி.மீ. மழை பெய்தால் 3 இலட்சம் லீற்றர் தண்ணி. அதை ஒரே வழியில் விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பக்கக் கானின் வாட்டம் 120க்கு 1. அதாவது 30 மீற்றர் போனால் 25 செ.மீ. இறக்கம். கண்ணால் பார்த்து வெட்டினால் கட்டாயம் பிசகும். ‘ஏ’ வடிவச் சட்டம் செய்துகொள்ளுங்கள்: இரண்டு கால், நடுவில் குறுக்குச் சட்டம், உச்சியிலிருந்து நூலில் தொங்கும் கல். கால்களுக்கிடையே 2.4 மீற்றர். முதலில் சட்டத்தை ஏதாவது இரு கட்டையில் நிறுத்தி நூல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். காலை மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுதான் சமமட்டம். பிறகு கீழ் நோக்கிப் போகும் காலின் அடியில் 2 செ.மீ. கட்டை ஆணியடித்துவிட்டால், நூல் நடுக்கோட்டில் நிற்கும்போதெல்லாம் 120க்கு 1 வாட்டம் கிடைக்கும். காற்றடிக்கும் நாளில் நூல் ஆடும், கல்லைக் கொஞ்சம் கனமாகப் போடுங்கள்.

கானுக்குள் சில மீற்றருக்கு ஒரு தடுப்பை மண்ணிலேயே விட்டு வெட்ட வேண்டும். தடுப்பின் தலை, கான் விளிம்பைவிட 15 செ.மீ. போல் தாழ்ந்திருக்கட்டும். குழிகளில் வண்டல் தங்கும், மிஞ்சிய தண்ணி தடுப்புக்கு மேலால் அடுத்த குழிக்குப் போகும், கடைசியில் கல் பாவிய பெருங்கானில் விழும். தடுப்பும் விளிம்பும் ஒரே உயரமாக இருந்தால் தண்ணி பக்கவாட்டில் உடைத்துக்கொண்டு கீழ் வரிசையில் பாயும். மலையில் புதிதாகத் தோன்றும் ஓடைகளில் பல இப்படித்தான் ஆரம்பமாகின்றன.

வண்டல் அள்ளாத கான், கானே இல்லாததைவிட மோசம். நிரம்பியதும் எங்கே பள்ளமோ அங்கே ஒரே இடத்தில் வழியும். அள்ளிய வண்டலைக் கான் ஓரத்தில் குவிக்க வேண்டாம், செடிகளடியில் பரப்புங்கள்.

பச்சை_மலை | பதிவு 5

இவ்வளவு வெட்டுக்குத்து எதற்கு? மரம் நட்டால் எல்லாம் நிற்கும். முன்பு காடாக இருந்தபோது சரிவு இருந்ததா?

சரிவுமானி | பதிவு 6

இருந்தது தம்பி. மலையகத்தில் பள்ளத்தாக்கு ஓரமெல்லாம் கிடக்கும் கலவை மண்ணே பழைய சரிவுகளின் குப்பைதான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் இறங்கியதும் அப்படிப்பட்ட பழைய சரிவு மண்.

மரம் ஓரளவுக்கு உதவும். வேர் பெரும்பாலும் மேல் 1, 2 மீற்றரைப் பின்னிப் பிடிக்கும். மேலோட்டமான சரிவுக்கு அது பலம். வழுக்கும் தளம் 8 மீற்றர் ஆழத்தில் இருந்தால் மரமும் சேர்ந்துதான் இறங்கும். அரிப்பிலும் எந்த மரம் என்று பார்க்க வேண்டும். உயர்ந்த யூக்கலிப்டஸின் இலை நுனியில் மழை திரண்டு பெரிய துளியாகி 8, 10 மீற்றரிலிருந்து விழுந்தால், கிட்டத்தட்ட வானத்திலிருந்து விழும் வேகத்தையே எட்டிவிடும், பருமனோ இன்னும் அதிகம். அடியில் புல்லோ இலைக்குப்பையோ இல்லாத யூக்கலிப்டஸ் காடு வெறும் தரையைவிட நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. மூடி நிற்கும் தேயிலைப் புதரின் அடி அதைவிடப் பாதுகாப்பு. ஆபத்து, கவ்வாத்து (தேயிலைக் கிளை வெட்டுதல்) முடிந்த மலையிலும் புதுநடுகையிலும்தான். கவ்வாத்துக் குச்சியை விறகுக்கு அள்ளாமல் அங்கேயே பரப்பிவிட வேண்டும். புதுநடுகைக்கு முன் மானாப் புல்லோ குவாட்டமாலாப் புல்லோ ஒன்றரை, இரண்டு ஆண்டு வளர்த்து வெட்டிப் பரப்புவதும் இதற்காகத்தான்.

இனி கானுக்கு. கான்_கணக்கு அண்ணா சொன்ன அத்தனையும் சரி, ஒரு நிபந்தனையோடு. அரிப்பு மேல் தோலில் நடப்பது, சரிவு உள்ளே நடப்பது. அரிப்புக்கு எதிரி ஓடும் தண்ணி, சரிவுக்கு எதிரி தங்கும் தண்ணி. மண் சரிவில் நிற்பது இரண்டு பலத்தால்: துகள்களின் ஒட்டும் தன்மை, ஒன்றன்மேல் ஒன்று அழுத்துவதால் வரும் உராய்வு. உள்ளே நீர்மட்டம் ஏறினால் துளைகளில் இருக்கும் நீர் துகள்களைத் தூக்கிப் பிடிக்கும், அழுத்தம் குறையும், உராய்வும் அதே அளவுக்குக் குறையும். போதாததற்கு மண்ணின் பாரமும் கூடுகிறது. ஆகவே பழைய சரிவு மண் மேல் தடுப்புக் கான் வெட்டினால், அரிப்பைக் குறைத்துச் சரிவை வளர்க்கிறோம். டீச்சர் சொன்ன இரண்டு தரப்பும் சரி, ஆனால் வேறு வேறு நிலத்துக்கு.

ஹாலிஎல_ரதி | பதிவு 7

அப்படியானால் எந்த நிலம் எது என்று சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது? இயந்திரம் கொண்டு துளைக்க நம்மால் முடியாதே.

கருங்கல்_மலை | பதிவு 8

வெட்டு முகம் ஒன்று போதும். வீதி வெட்டு, வீட்டுப் பின்வெட்டு, மலசலகூடக் குழி எதுவானாலும் சரி. மண்வெட்டியால் ஒரு முழ அகலத்துக்குச் சுரண்டிப் புது முகம் எடுங்கள், பாசியும் வழிந்த சேறும் கண்ணை ஏமாற்றும்.

இருந்த இடத்தில் உக்கிய பாறையானால், பாறையின் பழைய வரிகள் அப்படியே தெரியும். வெள்ளை, கபிலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாக ஒரே திசையில் சாய்ந்து ஓடும். நடுவே வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பு அறாமல் போகும். உருண்டைக் கற்கள் இருந்தால் அவற்றுக்குள் இருக்கும் வரியும் சுற்று மண்ணின் வரியும் ஒரே சாய்வு. விரலால் அழுத்தினால் நொறுங்கும், ஆனால் பாறையின் முகம் கலையாது.

சரிந்து வந்த மண்ணில் இந்த ஒழுங்கு எதுவும் இருக்காது. கூர்மையான கல், உருண்டைக் கல், கரிய மேல்மண் எல்லாம் கலந்து, ஒவ்வொரு கல்லின் வரியும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். இரண்டுக்கும் எல்லையில் பல இடங்களில் குவார்ட்ஸ் கற்கள் ஒரு வரிசையாகக் கிடக்கும். கீழிருந்து வரும் குவார்ட்ஸ் நரம்பு அந்த வரிசையை எட்டும் இடத்தில் பள்ளப் பக்கமாக வளைந்து, துண்டுதுண்டாகி மறைவதைப் பார்த்தால், அதற்கு மேலே உள்ள மண் நகர்ந்தது, நகர்கிறது என்று அர்த்தம். அந்த எல்லையில் ஈரம் கசிகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். மேலே உள்ள மண் தண்ணியை உள்ளே விடும், கீழே உள்ளது விடாது. அதனால் தண்ணி அங்கேதான் தங்கும்.

வரிகளின் சாய்வும் முக்கியம். மலைச்சரிவு எந்தப் பக்கமோ அதே பக்கம் வரியும் சாய்ந்தால் உக்கிய பாறை என்றாலும் நம்ப வேண்டாம். வரி மலைக்குள் சாய்ந்தால் சறுக்கும் பயம் குறைவு, கல் உடைந்து விழும் பயம் வேறு.

போத்தலில் மண்ணைக் குலுக்கி மணல், களி பிரிக்கும் பரிசோதனையைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம், ஆனால் எங்கள் சிவப்பு மண்ணில் அது பொய் சொல்லும். இரும்பு ஒட்சைட்டு களித் துகள்களை உருண்டையாகக் கட்டி வைத்திருப்பதால் களி, மணல் போல வேகமாகப் படிந்துவிடும்.

கான்_கணக்கு | பதிவு 9

சரிவுமானி சொல்வது ஏற்கத்தக்கதுதான், ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் கானை மூடப் போகிறார்கள். மூடிய கான் சரிவுக்கு எண்ணெய் வார்த்த கதை. தண்ணி எங்கேயாவது இறங்கியே தீரும்.

சரிவுமானி | பதிவு 10

மூடச் சொல்லவில்லை அண்ணா. சரிவு மண்ணுள்ள இடத்தில் செய்ய வேண்டியது மூன்று. கானுக்குள் தடுப்பை எடுத்துவிட்டு வாட்டத்தைக் கூட்டுவது. கானின் அடியையும் பக்கத்தையும் சீமெந்தாலோ கல்லாலோ பூசித் தண்ணி ஊறாமல் செய்வது. சரிவு மண் தொடங்கும் இடத்துக்கு மேலேயே ஒரு குறுக்குக் கானால் மேல்மலைத் தண்ணியைப் பிடித்து இயற்கை ஓடைக்குத் திருப்புவது. பூசிய கான் வெடித்தால் மண் கானைவிட மோசம், ஒரே வெடிப்பில் முழுத் தண்ணியும் உள்ளே போகும். மழைக்காலத்துக்கு முன்பு வெடிப்புகளைப் பார்த்துப் பூசுங்கள். லயத்துக் குளியல் தண்ணி, குழாய் ஒழுக்கு, மலசலகூடக் குழி, மேலே கட்டிய தண்ணித் தாங்கி ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். மழை இல்லாத நாளிலும் அவை மலையை நனைக்கின்றன.

பெரிய சரிவுகளில் துளைக்குழாய் போட்டு உள்ளே தங்கிய நீரை வடிப்பார்கள். அது பொறியியலாளர் வேலை, ஊரால் முடியாது.

சுவர்_மட்டம் | பதிவு 11

வீட்டுப் பின்வெட்டு பற்றி யாரும் தொடவில்லையே. மலையகத்தில் வீடுகளை அமுக்குவது பெரும்பாலும் பின்னாலிருக்கும் 3, 4 மீற்றர் வெட்டுதான். செங்குத்தாக வெட்டி, அடியில் ஒரு கற்சுவர் எழுப்பி, பின்னால் வெட்டிய மண்ணையே கொட்டி நிரப்புகிறார்கள். 3 மீற்றர் சுவரின் பின்னால் தண்ணி தலைவரை நின்றால், ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் சுமார் 4.5 தொன் தள்ளுகிறது. மண்ணின் தள்ளல் தனி. சாதாரணக் கற்சுவர் இதைத் தாங்காது, வயிறு தள்ளிச் சாயும்.

சுவரின் பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு உடைகல் நிரப்ப வேண்டும், மண் வேண்டாம். 3 அங்குலக் குழாய்களை 1.5 மீற்றருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். உள்வாயில் வலையோ சிறுகல்லோ இல்லாவிட்டால் மண் அடைத்து, துளை இருந்தும் பிரயோசனம் இல்லை. அடை மழைக்குப் பிறகு எந்தத் துளையும் ஈரமாக இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம், அடைபட்டிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். இன்னொன்று, சரிவின் அடிமண்ணை எடுப்பது. முற்றம் பெரிதாக்க 1 மீற்றர் அடியைச் சுரண்டினால் மேலே உள்ளதைத் தாங்கிய பாரத்தை எடுத்துவிட்டோம்.

கம்பி வலைக்குள் கல் அடுக்கும் சுவர் தண்ணியைத் தானே விடும், சிறு நகர்வையும் பொறுக்கும். அடித்தளம் சரிவு மண்ணில் நின்றால் அதுவும் சேர்ந்து நகரும்.

கொத்மலை_ஓயா | பதிவு 12

பிரசுரத்தில் மழை அளப்பது இருக்கட்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மூன்று படி: 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள், விழிப்பு. 100 தாண்டினால் செம்மஞ்சள், தயார். 150 தாண்டினால் சிவப்பு, வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். அரச மழைமானி பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கலாம், மலையகத்தில் ஒரு முகட்டைத் தாண்டினால் மழை மாறும். ஆகவே ஊரில் ஒன்று வேண்டும்.

11.3 செ.மீ. விட்டமுள்ள புனல் எடுங்கள். அதன் வாய் 100 சதுர செ.மீ. அப்படியானால் 1 மி.மீ. மழைக்கு 10 மில்லிலீற்றர். 1.5 லீற்றர் சோடாப் போத்தலில் சொருகினால் 750இல் மஞ்சள் கோடு, 1000இல் செம்மஞ்சள், 1500இல் சிவப்பு. அளவுக் குவளையால் தண்ணி ஊற்றி வெளியே கோடு போடுங்கள், போத்தல் அடி வளைந்திருப்பதால் அடிக்கோலால் அளக்கக்கூடாது. புனல் விளிம்பு மட்டமாகவும் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேலும் இருக்கட்டும், தரையில் தெறிப்பது உள்ளே விழும். மரம், கூரை எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து கொட்டிவிடுங்கள். அடை மழையில் 3 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கோட்டைப் பார்த்தால் போதும், கொட்ட வேண்டாம்.

சரிவுமானி | பதிவு 13

இந்த எண்களை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கிழமையாக ஊறிய மலைக்கு 60 மி.மீ.யும் போதும். ஆழமான சரிவு மழை விட்ட மறுநாள், அதற்கடுத்த நாள்கூட நகரும், நீர் கீழே இறங்க நேரம் எடுப்பதால். மழை விட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் பழக்கத்தைப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் தடுத்து எழுதுங்கள்.

மலை மேலே வெடிப்பு கண்டால், இரு கரையிலும் ஒரு முளை அடித்து, முளைத் தலையில் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி மி.மீ. கணக்கில் அளந்து திகதியோடு எழுதுங்கள். முளையை வெடிப்பிலிருந்து அரை மீற்றராவது தள்ளி அடியுங்கள், விளிம்பு மண் தானாகவே உதிரும். வெடிப்பை இறுகிய களிமண்ணால் அடைத்து மேலே பொலித்தீன் விரியுங்கள். மணலாலோ சருகாலோ நிரப்பினால் தண்ணிக்குக் குழாய் வைத்துக் கொடுத்த மாதிரி. நாளுக்கு நாள் வெடிப்பு விரியும் அளவு அதிகரித்தால், அதாவது நேற்று 2 மி.மீ., இன்று 5 மி.மீ. என்று போனால், அளப்பதை நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். ஊற்று திடீரென வற்றுவது, தெளிந்த ஊற்று சேறாவது, கதவு நிலை இறுகுவது, மின்கம்பம் சாய்வது ஆகியவையும் அதே கணக்கு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள், அழைப்பை எதிர்பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டாம்.

பச்சை_மலை | பதிவு 14

சரி, மரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஒரு சந்தேகம். இவ்வளவு மண்ணும் கடைசியில் எங்கே போகிறது?

கருங்கல்_மலை | பதிவு 15

வழியெல்லாம் தங்கித் தங்கிப் போகிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும், பாதியானால் அதே கணக்கில் போட்டுவிடும். ஆகவே செங்குத்து முடியும் இடத்தில் பாறாங்கல், பிறகு சரளை, பிறகு மணல், நீர்த்தேக்கத்தில் களி. போகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் மாணிக்கம் தோண்டும், ‘இல்லம்’ என்று சொல்லும் படை இப்படித் தங்கிய பழைய சரளைதான். பாறை உக்கிப் போனாலும் நீலக்கல் உக்காது, கனமும் அதிகம், அதனால் அடியில் தங்கிவிடும்.

ஹாலிஎல_ரதி | பதிவு 16

எல்லோருக்கும் நன்றி. வெட்டு முகத்தைச் சுரண்டிப் பார்ப்பதை முதல் பக்கத்திலும், கான் இரண்டு விதத்தையும் அதன் கீழே எதிரெதிரிலும், புனல் போத்தலைப் பின்னட்டையிலும் போடுகிறோம். கடைசியாக ஒன்று: ஒரே சரிவில் மேல் பாதி உக்கிய பாறை, கீழ் பாதி சரிந்து வந்த மண் என்றால், மேலே தடுப்புக் கான் வெட்டலாமா?

சரிவுமானி | பதிவு 17

வேண்டாம் டீச்சர். மேலே இறங்கும் தண்ணி பாறையின் மேல்முகத்தோடு ஓடிக் கீழ்ப்பாதி மண்ணின் அடியில்தான் வந்து நிற்கும். அங்கே மேல் பாதிக்கும் தடுப்பில்லாத பூசிய கான்தான், அரிப்புக்குப் புல்லும் கவ்வாத்துக் குச்சியும் போடுங்கள்.

கான்_கணக்கு | பதிவு 18

இதில் எனக்கும் மறுப்பில்லை. பூசிய கானின் கடைசி வாயில் கல் படி கட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் விழும் இடத்தைத் தோண்டி மேல்நோக்கித் தின்றுகொண்டே வரும்.